சேற்றில் கிடக்கும் தங்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தாதுவிலிருந்து பிரித்துவிட்டால் செம்பு தயார் என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லைங்க. உலையிலிருந்து வரும் கொப்புளச் செம்பு 98, 99 சதவீதம்தான் சுத்தம், மின்கம்பிக்கு ஆகாது. அதைத் தடித்த தகடாக வார்த்து, அமிலம் கலந்த நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் நேர்மின்வாயாக, அதாவது மின்சாரத்தின் + முனையோடு இணைத்து, தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், எதிரே உள்ள மெல்லிய தகட்டில் 99.99 சதவீதச் செம்பு நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். இரும்பும் துத்தநாகமும் கரைசலிலேயே நின்றுவிடும். அப்புறம், தொட்டியின் அடியில் கறுப்பாக ஒரு சேறு தங்கும் பாருங்கள், வெள்ளியும் தங்கமும் அதில்தான்!

ஒரு பேட்டரி, இரண்டு செம்புக் கம்பி, மயில்துத்தம் (அதே காப்பர் சல்பேட்தான்) கரைத்த கண்ணாடி டம்ளர் இருந்தால் வகுப்பிலேயே செய்து காட்டலாம். உங்கள் மாணவர் பக்கத்தில் இதைப் படத்தோடு போடுங்கள்.

— ஒரு வாசகர்