தலைமாட்டு டம்பெல்

அன்புள்ள கயல்,

இங்கிலாந்தில் நீ இருக்கிற வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து ஐந்து கிலோ டம்பெல்லைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறேன் என்று நீ சொன்னாயே, அன்றைக்கே உன் அம்மா போனை என் கையில் திணித்துவிட்டாள். "நீங்கதானே கம்பு சுத்தினவர், நீங்களே சொல்லுங்க" என்றாள். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் கடிதம்.

டம்பெல் வேண்டாம். கனமான பொருள் கையில் இருந்தால் தைரியமாகத்தான் இருக்கும். ஆனால் அது குட்டை. அதால் ஒருவனை அடிக்க வேண்டுமென்றால் அவன் உன் பக்கத்தில் வந்தாக வேண்டும். உன் கைக்கு அவன் எட்டினால் அவன் கைக்கு நீயும் எட்டுவாய். ஓங்கியது தவறிப்போனால் அந்த எடை உன் தோளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தலையில் பட்டுவிட்டால் உயிரே போகலாம். அதைச் சுமந்துகொண்டு நீ காலமெல்லாம் இருக்க வேண்டும். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல் இதைவிட மோசம். ஸ்கிப்பிங் கயிற்றைச் சுழற்றிச் சண்டை போடுவதெல்லாம் சினிமாவோடு சரி. உன் அறையில் கட்டிலைச் சுற்றி நடக்கவே இடமில்லை.

சிலம்பத்தில் எங்கள் வாத்தியார் முதலில் கம்பைத் தொடவே விடவில்லை. வெறும் காலடிதான். எதிராளியின் வீச்சுக்கு வெளியே நிற்கத் தெரியாதவன் கையில் கம்பு இருந்தும் வீண் என்பார். உன் அறையில் அதற்கு உதவுவது யோகா மேட்தான். சுருட்டிக் கட்டி வைத்திரு. இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தால் பாய்ந்து வருகிறவன் சற்றுத் தள்ளியே நிற்பான். அப்படியே ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கதவுப் பக்கம் ஓடு. தசையை நீவ வைத்திருக்கிற நுரை உருளை, அந்த ஃபோம் ரோலரும் இதற்கு ஆகும். அவனிடம் கத்தி இருந்தால் இதை எதையும் நம்பாதே. போனோ லேப்டாப்போ, கேட்டதைக் கொடுத்துவிட்டு விலகிவிடு. டம்பெல்லைத் தரையில் போட்டுக் கீழ்வீட்டுக்காரரை எழுப்பலாம், அந்த அளவுக்கு அது பிரயோஜனம்.

வெளியே போகும்போது இன்னும் கவனம். பொது இடத்தில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அந்த ஊரில் 1953-ல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. ஜிம்முக்குப் போகிறவள் பையில் டம்பெல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "யாராவது வந்தால் அடிக்க வைத்திருக்கிறேன்" என்று நீயே போலீஸிடம் சொன்னால் அதே டம்பெல் ஆயுதமாகிவிடும். வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுக்க நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. தப்பி ஓடுகிறவனைத் துரத்திப்போய் அடித்தால் கதை வேறு.

நீ ரசிக்கிற மாதிரி ஒன்று சொல்கிறேன். தாத்தாவின் கர்லாக்கட்டை நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறதல்லவா? இங்கே அதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ராணுவத்துக்குப் பயிற்சியாக எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அந்த நாட்டில் பெண்களும் உடற்பயிற்சிக்குச் சுற்றினார்கள். 1913 வாக்கில் ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்கள், தங்கள் தலைவி எம்மலின் பாங்கர்ஸ்டை போலீஸ் பிடித்துப் போகாமலிருக்க ஒரு காவல் படை அமைத்தார்கள். அவர்களுக்கு ஜுஜுட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுத்த ஈடித் காரட் ஐந்தடி உயரம்கூட இல்லாத பெண். படையிலிருந்தவர்கள் கர்லாக்கட்டையை உடைக்குள் மறைத்துக்கொண்டு போய் போலீஸ் தடிக்கு எதிராக வீசியிருக்கிறார்கள். 1914 மார்ச்சில் கிளாஸ்கோ கூட்டத்தில் மேடையிலேயே கைகலப்பு. அத்தனைக்கும் பிறகு பாங்கர்ஸ்டைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. அவர்கள் பயிற்சி எடுத்தவர்கள், கூட்டமாகப் போனவர்கள். நீ தூக்கக் கலக்கத்தில் தனியாக எழுந்திருக்கப் போகிறவள். கதையைப் படித்துவிட்டு ஒரு ஜோடி கட்டை வாங்கிவிடாதே.

ஆபத்து என்றால் அந்த ஊர் அவசர எண்ணான 999-ஐக் கூப்பிடு. கூப்பிட்ட பிறகு பேச முடியாத நிலை என்றால், அழுத்தச் சொல்லும்போது மொபைலில் 55 அழுத்தலாம். ஆனால் அதை அழுத்தியதால் மட்டும் நீ எங்கே இருக்கிறாய் என்று போலீஸுக்குத் தெரிந்துவிடாது. அதனால் முடிந்தால் கிசுகிசுத்தாவது முகவரியைச் சொல்.

இதையெல்லாம்விட அந்தப் பின்கதவுத் தாழ்ப்பாள்தான் எனக்கு உறுத்துகிறது. வீட்டுக்காரர் மாற்றித் தருவாரா என்று இந்த வாரமே கேள். இழுத்தடித்தால் நீயே போட்டுக்கொள்ள அனுமதி வாங்கு. எவ்வளவு ஆகும் என்று சொல், அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா