என்னை மறுபடியும் மிஷின் மிதிக்க வைத்தவர்களுக்கு

பொள்ளாச்சியில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வலது கணுக்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்து இந்தத் தை மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. கை கொடுத்த எல்லோரையும் நேரில் தேடிப் போய்ச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2006-இல் பஸ் படியில் கால் பிசகி விழுந்து கணுக்கால் எலும்பு உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டதும் கூடிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். முழங்கால் மூட்டு வயதானாலே தேய்ந்துவிடுமாம். கணுக்கால் அப்படித் தேய்வது குறைவு, பழைய முறிவு இருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் பல வருடம் கழித்துத் தேயுமாம். எனக்கும் அதுதான் நடந்தது. கடைசி நான்கு வருடம் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து இழுத்து இழுத்து நடந்தேன். மிஷினை இடது காலாலேயே மிதித்தேன்.

கோயம்புத்தூர் டாக்டருக்கு என் முதல் நன்றி. மூட்டு அசையாதபடி ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுவது ஒரு வழி, மேலும் கீழும் உலோகம், நடுவில் பிளாஸ்டிக் வைத்து மூட்டையே மாற்றுவது இன்னொரு வழி என்று இரண்டையும் படம் வரைந்து காட்டினார். "வலி போகும்மா, நடை நேராகும். ஆனா பழையபடி முழுசா மடங்கும்னு நினைச்சுக்காதீங்க. இப்ப அசையறதைவிடக் கொஞ்சம்தான் கூடும்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அதை மறைத்திருந்தால் ஆறாவது மாதம் அழுதிருப்பேன், அப்போது தாங்கியிருக்க மாட்டேன்.

டிரெஸ்ஸிங் செய்த சிஸ்டரையும் சொல்ல வேண்டும். கணுக்காலின் முன்பக்கம் தோல் மெல்லியது, அடியில் சதையே கிடையாது, புண் ஆறச் சுணங்கும். தையல் பிரிக்கும்வரை ஒவ்வொரு முறையும் என் காலைத் தன் மடியில் வைத்துத்தான் பார்த்தார்.

அப்புறம் பிசியோதெரபி தம்பி. ஆறு வாரம் காலை ஊன்றவிடவில்லை. காலில் மாட்டியிருந்த பூட்ஸைக் கழற்றியதும் கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதச் சொன்னார். கோணம் அளந்தபோது பாதம் மேல்நோக்கி 4 டிகிரி, கீழ்நோக்கி 15 டிகிரிதான் வந்தது. என் முகம் வாடியதைப் பார்த்து, "சமதரையில நடக்க ரெண்டும் சேர்ந்து 25, 30 இருந்தாப் போதும்மா" என்றார். அதோடு விடாமல், "வீட்டுல மிதி மிஷின்தானே? பெல்ட்டைக் கழற்றிட்டுச் சும்மா மிதிங்க" என்றாரே, அந்த யோசனை அவருக்கு எப்படித் தோன்றியதோ! குதிகாலும் விரலும் மாறி மாறி அழுந்துவதுதான் எனக்கு வேண்டிய பயிற்சி. காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம், சக்கரம் மட்டும் சுற்றும்.

நடக்கும்போது குதிகால் முதலில், கடைசியில் கட்டைவிரல் தள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என் கூடவே நடந்தார். இத்தனை வருடம் வேலை செய்யாத கெண்டைக்கால் சதைக்குப் பலம் வரத்தான் அதிக நாளானது. இப்போது அளவு மேல்நோக்கி 9, கீழ்நோக்கி 19 டிகிரி. மாடிப்படி இறங்குவது இன்னும் மெதுவாகத்தான். குத்தவைத்து உட்கார முடியாது. ஆனால் வலி இல்லை, கால் வெளியே திரும்புவதும் இல்லை.

பக்கத்துக் கடைத் தங்கச்சி சித்திரை முகூர்த்த ஜாக்கெட்டுகளைத் தானே தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலியை என் கையில் வைத்தாள். மற்ற துணிகளுக்கு ஆடி வரை பொறுத்திருந்தவர்களுக்கும், வாக்கரோடு என்னைக் குளியலறை வரை தாங்கிப் போன மருமகளுக்கும் நான் கடன்பட்டவள்.

வாரம் இரண்டு முறை பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போன ஆட்டோத் தம்பிக்கு ஒரு வார்த்தை. போன வாரம் அங்கிருந்து கடைக்கு நடந்தே வந்தேன். நீ வண்டியை என் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே "ஏறுங்கக்கா" என்றாய். நான் ஏறவில்லை. கோபித்துக்கொள்ளாதே தம்பி, அன்றைக்கு எனக்கு நடக்க வேண்டும் போல இருந்தது.