வெள்ளச்சியின் முன்னங்கால்

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அம்மாவுக்கு மூன்றாவது கீமோ முடிந்து வாய்ப்புண் ஆறி வருகிறது, ராத்திரி ஒரு டம்ளர் கஞ்சி இறங்கியது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே எல்லோரும் நலம். பேரனுக்கு ஒன்றரை வயசு. அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு சாமான் வைக்க முடிவதில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். மூன்று மாசச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி, பாக்கெட் தீனியை நிறுத்திவிட்டு வேகவைக்காத பச்சைக்கறிக்கு மாற்றப் போகிறாய், போட்டுப் பழகியவன் நான் என்பதால் அளவு சொல்லு என்கிறாய். வேண்டாம்டா. அந்தக் குட்டிக்கும் வேண்டாம், இப்போது உன் வீட்டுக்கும் வேண்டாம்.

வெள்ளச்சி வந்தபோது அவளுக்கும் இதே வயசுதான். ராஜபாளையம் நாய்க்கு நல்லதாகப் போட வேண்டும் என்று கறிக்கடையில் தனிக்கறியும் ஈரலும் வாங்கிப் பச்சையாகவே போட்டேன். எலும்பு தொண்டையில் சிக்கிவிடும் என்று பயந்து ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. இரண்டு மாசம் ரோமம் பளபளவென்று இருந்தது. அப்புறம் ஒருநாள் திண்ணையிலிருந்து குதித்தவள் வீல் என்று கத்தி அப்படியே படுத்துக்கொண்டாள். தூக்கி நிறுத்திப் பார்த்தால் முன்னங்கால் இரண்டும் மணிக்கட்டில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் சோளத்தட்டையைப் போல மங்கலாக, சுற்றியிருந்த சதைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாமல் இருந்தது.

காரணம் எளிது. கறியில் பாஸ்பரஸ் நிறைய உண்டு. கால்சியமோ அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது கழுத்திலுள்ள ஒரு சின்னச் சுரப்பி எலும்பிலிருந்து அதை உருவி ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். வளர்கிற குட்டிக்கு அந்தக் கடனை அடைக்க வழியே இல்லை. ஒரு மாசம் ஓடவிடாமல் கட்டிவைத்து, டாக்டர் சொன்ன, குட்டிகளுக்கென்றே விற்கிற பாக்கெட் தீனியை மட்டும் போட்டுத்தான் தேற்றினேன். வலது காலில் லேசான வளைவு இன்னும் இருக்கிறது. அவள் நடந்து வரும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும்.

இந்தப் பச்சைத் தீனி முறையைப் பரப்பியவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். 1993இல் அவர் எழுதிய புத்தகமே சதையோடு கூடிய பச்சை எலும்பைத்தான் அடிப்படையாக வைத்தது. நான் கறியைப் பிடித்துக்கொண்டு எலும்பை விட்டுவிட்டேன்.

அவளுக்கு இரண்டு வயசானதும் மறுபடி தொடங்கினேன், இந்தத் தடவை கணக்கோடு. 22 கிலோ நாய்க்கு நாளைக்கு அரைக் கிலோ சொச்சம். அதில் பத்தில் எட்டுப் பங்கு சதை, ஒரு பங்கு எலும்பு, ஒரு பங்கு உள்ளுறுப்பு. உள்ளுறுப்பில் பாதிக்கு மேல் ஈரல் கூடாது, மிஞ்சினால் வைட்டமின் ஏ ஏறிவிடும். எலும்புக்குக் கோழிக் கழுத்தும் காலும். ஒரு கழுத்தை முன்னங்கால்களுக்கு நடுவில் நிறுத்திவைத்து, தலையைச் சாய்த்துக் கடைவாயில் நறநறவென்று அவள் அரைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பல்லில் காரை இல்லை, சாணம் கொஞ்சமாக, கெட்டியாக விழுந்தது. நன்மை இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் பேரன் தவழ ஆரம்பித்தான். ஒருநாள் காலையில் வெள்ளச்சி நக்கி முடித்த தட்டில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்து, அதே கையை வாயில் வைத்தான். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா இருப்பது சகஜம். நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் எச்சிலிலும் சாணத்திலும் வந்துகொண்டே இருக்கும். ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே பச்சையை நிறுத்தினேன். கீமோ எடுக்கிற உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குட்டி அம்மா கட்டிலோரம்தான் படுத்துக்கொள்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

ஆட்டு உறுப்பு மலிவாகக் கிடைக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அதைப் பச்சையாக எந்த நாய்க்கும், எப்போதும் போடாதே. போன மாசம் கடையில் பாய் ஈரலை அறுத்தபோது நெல்லிக்காய் அளவுக்கு ஒரு தண்ணீர்ப் பை வந்தது. அதை வெட்டியெடுத்துக் கட்டைக்குக் கீழே நின்ற தெருநாய்க்கு எறிந்தார். நான் பதறிப்போய் இனி அதைப் புதைத்துவிடச் சொன்னேன். அந்தப் பைக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சு. நாயின் குடலில் அரை சென்டிமீட்டர் அளவே உள்ள புழுவாக வளர்ந்து, சாணத்தில் முட்டை விடும். அந்த முட்டை மண்ணிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டி மனுஷன் வாய்க்குப் போனால் அவன் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி பல வருஷம் சத்தமில்லாமல் வளரும். நன்றாக வேகவைத்தால் அந்தப் பயம் இல்லை.

'ஓநாய் என்ன அடுப்பா மூட்டுகிறது' என்று கேட்டிருக்கிறாய். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் பேசினேன். 2013இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள்: மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு ஜீன் ஓநாய்க்கு இரண்டு பிரதிதான், நாய்க்கு நாலிலிருந்து முப்பது வரை. மனுஷன் சோற்றோடு வாழ்ந்து மாறிவிட்ட பிராணி இது. உங்க தாத்தா வீட்டு நாய் கம்மங்கூழும் மோரும் குடித்துவிட்டு முயலுக்கு ஓடியது உனக்கு மறந்தா போயிற்று?

அதற்காக வீட்டுச் சாப்பாடு எல்லாம் சரி என்றும் நினைக்காதே. அதே 2013இல் கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசினார்கள், மருத்துவர்கள் எழுதியவையும் அதில் உண்டு. 100க்கு 95இல் ஒரு சத்தாவது குறைந்திருந்தது. அதனால் ஒரு வயசு வரை குட்டித் தீனியையே போடு. மேலே ஆசைக்கு ஒரு அவித்த முட்டை, ஒரு கை வேகவைத்த கோழிக்கறி, அவ்வளவு போதும். வெந்த எலும்பு மட்டும் வேண்டவே வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். குழம்புக் கறியும் கூடாது, வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.

வெள்ளச்சிக்கு இப்போது வேகவைத்த கறி, கொஞ்சம் சோறு, பூசணி. கிலோ கறிக்கு ஒரு டீஸ்பூன் முட்டை ஓட்டுப் பொடி. ஓட்டை வறுத்து மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொள்கிறேன். மற்ற சத்துகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பொடி தனி.

குட்டியை வீட்டுத் தராசில் நிறுத்தி எடை எழுது. பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தாய் என்பதையும் எழுது. தை பிறந்ததும் அம்மாவைப் பார்க்க வருகிறேன். அவளுக்குப் பிடித்த பனங்கற்கண்டு இங்கே நல்லதாகக் கிடைக்கிறது, வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்