நேர்காணல் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நேர்காணல் குழுவினருக்கு,

வணக்கம். 'செய்த வேலைக்குப் பொறுப்பேற்கத் தெரியாதவர்' என்று எழுதி ஒருவரை நிராகரிக்கும் முன், அவரிடம் நீங்கள் கேட்ட விதத்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

தன் வேலையைப் பற்றி அவர் தெளிவாகத்தான் பேசிக்கொண்டிருப்பார். நடுவில் "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று குறுக்கிடுவீர்கள். உங்களுக்கு அது கேள்வி. பதற்றத்தில் இருப்பவர் காதில் குற்றச்சாட்டு. உடனே "மேலாளர் சொன்னார்", "எங்கள் டீமில் அப்படித்தான் வழக்கம்" என்று பேச்சு மாறிவிடும். தானே யோசித்து, எதிர்த்தவர்களைச் சம்மதிக்க வைத்து எடுத்த முடிவை, தானே கைகழுவிவிடுவார்.

இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1993-ல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வுக்கூடத்தில் மன அழுத்தத்தை வரவழைக்க ஒரு சோதனையை உருவாக்கினார்கள். வேலைக்கு விண்ணப்பித்தவர்போல ஒரு குழுவின் முன் நின்று பேச வேண்டும்; பிறகு மனக்கணக்குப் போட வேண்டும். குழுவினர் முகத்தில் எந்த உணர்ச்சியையும் காட்டமாட்டார்கள். பங்கேற்றவர்களின் உடலில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோனான கார்டிசால் வெகுவாக ஏறியது. உங்களில் பலர் நடுநிலை என்று நம்பி வைத்துக்கொள்ளும் முகமும் அதே முகம்தான்.

2020-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் 48 மாணவர்களிடம் கணினி நிரல் எழுதும் சோதனை நடத்தின. தனியறையில் எழுதியவர்களோடு ஒப்பிட்டால், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க விளக்கிக்கொண்டே எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழே போனது. அப்படியானால் நீங்கள் அளந்தது எதை?

"ஏன்" என்பதற்குப் பதில், "அந்த நேரத்தில் உங்களுக்கு என்னென்ன தெரிந்திருந்தது?" என்று கேளுங்கள். "இதில் எது உங்கள் முடிவு, எது மற்றவர்களுடையது?" என்றும் கேளுங்கள். எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொல்பவர் இந்த இரண்டாவது கேள்வியில்தான் தடுமாறுவார். உண்மையில் வேலை செய்தவருக்கோ எந்த வழியை ஏன் கைவிட்டார், எங்கே சிக்கினார், யார் உதவினார் என்பதெல்லாம் நினைவில் இருக்கும்.

விண்ணப்பிப்பவருக்கும் கடமை உண்டு: தன் பங்கு எதுவரை என்பதை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொண்டு வரவேண்டும். ஆனால் அறையின் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. "அந்த முடிவு என்னுடையது. தவறாகப் போனது. அதன் பிறகு இதை மாற்றினேன்" என்று நேர்மையாகச் சொன்னவருக்கு மதிப்பெண் குறைகிறது, பழியை நாசூக்காக வேறிடத்தில் இறக்கிவைத்தவர் தேர்வாகிறார். பொறுப்புள்ளவர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்துவிட்டு, பொறுப்பேற்றதற்கே தண்டிக்கிறீர்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தவறை ஒப்புக்கொண்டு, அதைத் திருத்திய விதத்தையும் விளக்கும் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை, முதல் விண்ணப்பதாரரைப் பார்ப்பதற்கு முன்பே குழுவாக உட்கார்ந்து எழுதி வையுங்கள். எல்லோருக்கும் அதையே பின்பற்றுங்கள்.

அன்புடன்,
உங்கள் முன் அமரப்போகிறவர்களின் மேல் அக்கறை கொண்ட ஒருவர்