விளம்பரத்தை மூட இடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலவசச் செயலி என்றால் விளம்பரம் வரத்தான் செய்யும். அதைக் குறை சொல்லவில்லை. மூட வரும் விரலை ஏமாற்றி விளம்பரத்துக்குள் இழுத்துவிடுகிறார்களே, அதைத்தான் கேட்கிறோம்.

திரை முழுக்க வரும் விளம்பரத்தின் மூலையில் உள்ள பெருக்கல் குறியைப் பாருங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில் கடுகளவுதான் இருக்கும். விரல் படும் இடம் சுமார் 9 மில்லிமீட்டராவது வேண்டும் என்று ஆண்ட்ராய்டின் வடிவமைப்பு வழிகாட்டியே சொல்கிறது. சில விளம்பரங்களில் அந்தக் குறி வெறும் படம்; தொட்டால் விளம்பரத்தைத் தொட்டதாகக் கணக்கு. நிஜக் குறி சில விநாடி கழித்து எதிர் மூலையில் முளைக்கும். கிளிக்குக்கு இவ்வளவு என்று பேசிய விளம்பரத்தில், தவறிப் பட்ட தொடுதலுக்கும் காசு போகிறது. கொடுப்பவர் விளம்பரம் தந்தவர். மாதம் சில ஆயிரம் ஒதுக்கும் ஜவுளிக்கடைக்காரரின் பணம் டார்ச் செயலியிலும் குழந்தைகள் விளையாட்டிலும் இப்படித்தான் கரைகிறது. விளம்பரம் எங்கெங்கே காட்டப்பட்டது என்ற அறிக்கையை வாரம் ஒருமுறை திறந்து, இத்தகைய செயலிகளை அவர் விலக்கிவிட வேண்டும்.

இன்னொரு தொல்லை, 'உங்கள் போனில் 5 வைரஸ்' என்று மணிக்கொரு முறை வரும் அறிவிப்பு. பலர் பயந்து போனையே ரீசெட் செய்து படங்களை இழக்கிறார்கள். பெரும்பாலும் அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலோ அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பார்கள். குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். பெயர் தெரியாத தளங்களை பிளாக் செய்தால் அடங்கிவிடும். அந்த அறிவிப்பைத் தொட்டு வரும் 'கிளீனர்' செயலியை மட்டும் இறக்கவே கூடாது.

எந்தச் செயலியும் திறக்காதபோது முகப்புத் திரையிலேயே விளம்பரம் பாய்ந்தால் கதை வேறு. போனில் ஏற்றிய ஏதோ ஒரு செயலியின் வேலை அது. விளம்பரம் தெரியும்போதே சமீபத்திய செயலிகளைக் காட்டும் பட்டனை அழுத்துங்கள். அப்போது வரிசையாகத் தெரியும் செயலி அட்டைகளில், அந்த விளம்பரம் உள்ள அட்டையின் தலையில் இருக்கும் சின்னம் பெரும்பாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சின்னத்தை மறைத்திருந்தால் செட்டிங்ஸில் 'டிஸ்பிளே ஓவர் அதர் ஆப்ஸ்' அனுமதியைத் தேடிப் பாருங்கள். பிடிஎஃப் ரீடருக்கும் டார்ச்சுக்கும் அந்த அனுமதி எதற்கு? அனுமதியை எடுத்துவிட்டு, செயலியையும் நீக்கிவிடுங்கள்.

விதி இல்லாமல் இல்லை. விளையாட்டின் நடுவே எதிர்பாராமல் வரும் முழுத்திரை விளம்பரமும், 15 விநாடிக்குப் பிறகும் மூட முடியாததும் கூடாது என்று கூகுள் பிளே 2022 செப்டம்பர் முதல் சொல்கிறது. பரிசுக்காக நாமே விரும்பிப் பார்ப்பவற்றுக்கு மட்டும் விலக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டது; விளம்பரம் என்று தெரியாதபடி வேறு உள்ளடக்கம் போல வேடமிட்ட விளம்பரமும் அதில் உண்டு. மூடும் குறிக்குக் குறைந்தபட்ச அளவை ஆணையம் மில்லிமீட்டரில் வகுத்தால்தான் இந்த விதிக்குப் பல் முளைக்கும். வாசகர்களும் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, செயலியின் பெயரைக் குறித்துக்கொண்டு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கடைசியாகப் பத்திரிகைகளுக்கும் ஒரு கோரிக்கை. தமிழ்ச் செய்தித் தளங்கள் பலவற்றில் செய்திக்கு அடியில், செய்தியைப் போலவே தலைப்பும் படமுமாக சர்க்கரை நோய் மருந்து விளம்பரங்கள் வருகின்றன. ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல், அவ்வளவுதான். தலைப்பின் அதே எழுத்தளவில், தமிழில் 'விளம்பரம்' என்று மேலே போடுங்கள்.

இப்படிக்கு,
கைபேசி பழுது பார்ப்போர் சிலர்,
திண்டுக்கல்