எத்தனை டன் நொறுக்கினோம் என்பதா கணக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சுழற்சிப் பொருளாதாரம் பற்றிய, அதாவது பொருட்களைத் தூக்கி எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது பற்றிய, உங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை குப்பைத் தொட்டியையே சுற்றி வருகிறது. மக்கள் தரம் பிரித்துப் போட வேண்டும், மறுசுழற்சி ஆலைகள் பெருக வேண்டும்... சரி, வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? பொருள் குப்பைக்கு வந்த பிறகு செய்வதெல்லாம் கடைசிக் கட்ட வேலை. சட்டம் அதற்கு வெகு முன்னாலேயே, தொழிற்சாலைக்குள் நுழைய வேண்டும்.

வாஷிங் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். துணி சுற்றும்போது கடகடவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் பேரிங் போயிருக்கும். டிரம் உராயாமல் சுழலத் தாங்கிப் பிடிக்கிற இந்தப் பேரிங் சின்ன உருப்படிதான், ஆனால் பல மாடல்களில் டிரம்மைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் இரண்டு பாதிகளையும் திருகு போடாமல் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். பிரிக்க வழியில்லை, தொட்டியோடு மாற்றுங்கள் என்பார்கள், அதற்குச் சொல்கிற விலையைக் கேட்டதும் பேசாமல் புதுசே வாங்கிவிடலாம் என்று நாமே முடிவுக்கு வந்துவிடுவோம். இதில் நாம் எந்தக் குப்பையை எப்படித் தரம் பிரித்து என்ன ஆகப் போகிறது?

சில நாடுகள் இதற்கு வழி தேடியிருக்கின்றன. பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் செல்போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றை விற்கும்போது, பழுது பார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண்ணையும் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. கழற்ற எளிதா, உதிரி பாகம் கிடைக்கிறதா என்பதோடு அந்த உதிரி பாகத்தின் விலையும் கணக்கில் சேர்ந்தது. எனக்குப் பிடித்ததே அதுதான். (மதிப்பெண்ணைத் தயாரிப்பாளரே போட்டுக்கொண்டார், பரீட்சை எழுதியவரே பேப்பர் திருத்துகிற கதை, அது வேறு விஷயம்.) ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரியிலிருந்து, ஒருசில விலக்குகளோடு, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்தாக வேண்டும் என்கிறது. ஸ்வீடன் 2017-ல் சைக்கிள், செருப்பு, துணி பழுதுபார்ப்புக்கான மதிப்புக்கூட்டு வரியை 25 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தது. ஆஸ்திரியா 2022 முதல் மின்சாதனப் பழுதுபார்ப்புச் செலவில் பாதியை, ஒரு வரம்புக்குள், அரசே கொடுக்கத் தொடங்கியது.

அப்புறம், நீங்கள் பாராட்டுகிற தயாரிப்பாளர் பொறுப்பு விதிகள், அதாவது விற்ற பொருள் கழிவானதும் அதைச் சேகரித்து மறுசுழற்சி செய்வது தயாரித்தவர் பொறுப்பு என்கிற விதிகள். அவற்றின் இலக்குகள் பெரும்பாலும் எடைக் கணக்கில்தான் இருக்கின்றன. 2022-ல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். இந்தச் சதவீதம் ஏறினால் எல்லோரும் கைதட்டுவோம். ஆனால் மூன்று வருடத்தில் குப்பைக்குப் போக வேண்டிய போன் பத்து வருடம் ஓடினால் அது எந்த அறிக்கையிலும் சாதனையாக ஏறாது, ஏனென்றால் அது கழிவாகவே வரவில்லை. மறுசுழற்சிக்கு நொறுக்கினால் மதிப்பெண், ரிப்பேர் செய்து கொடுத்தால் பூஜ்யம் என்று விதியை எழுதிவிட்டு, நிறுவனங்கள் ஏன் பிரிக்க முடியாதபடி ஒட்டியே தயாரிக்கின்றன என்று கேட்பதில் அர்த்தமில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் அரசு டெண்டர்களைப் பற்றியும் எழுதுங்கள். ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்குகிற பெரிய வாடிக்கையாளர் அரசுதான், உதிரி பாகம் ஏழு வருடத்துக்குக் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஆர்டர் என்று ஒரு வரி சேர்க்கப் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்