மூளைக் கழிவு விஷயம் இருபது வயசுக்காரங்களுக்கும் தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க உடல்நலப் பக்கத்துல உடற்பயிற்சி செஞ்சா மூளைல சேர்ற கழிவு வெளியேறும்னு ஒரு சின்ன செய்தி போட்டிருந்தீங்க, தமிழ்ல இதெல்லாம் வர்றதே பெரிய சந்தோஷம், ஆனா கூட இருந்த படம் பார்க்குல வாக்கிங் போற தாத்தா பாட்டி படம். படிக்கிற பையன் இது நமக்கில்லன்னு பக்கத்த திருப்பிடுவான். நான் காலேஜ்ல பிசிகல் டைரக்டரா இருக்கேன், டாக்டர் இல்ல, ஆனா இந்த ஆராய்ச்சிய விடாம படிச்சிட்டு வர்றேன், இது முதல்ல போய்ச் சேர வேண்டியது காலேஜ் பசங்ககிட்டன்னு நம்புறேன், அதான் எழுதுறேன்.

விஷயம் என்னன்னா, நம்ம உடம்பு எடைல மூளை ரெண்டு சதவீதம் தான், ஆனா சக்தில கிட்டத்தட்ட 20 சதவீதத்த அது ஒண்ணே எடுத்துக்குது. அவ்வளவு வேலை நடந்தா கழிவும் சேரத்தானே செய்யும். மத்த உறுப்புல நிணநீர்க் குழாய் வழியா அது போயிடும், மூளைத் திசுக்குள்ள அந்தக் குழாய் கிடையாது, அப்ப எப்படித்தான் வெளிய போகுதுன்னு ரொம்ப வருஷமா தெளிவா தெரியல. 2012ல அமெரிக்காவுல ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துல மைக்கன் நெடர்கார்டு, ஜெஃப்ரி இலிஃப் குழு எலி மூளைல பாத்து சொன்னாங்க, மூளைய சுத்தி இருக்க தண்டுவட நீர் ரத்தக்குழாய் ஓரமாவே உள்ள இறங்குது, அந்தக் குழாய சுத்திப் பிடிச்சிருக்க ஆஸ்ட்ரோசைட்ங்கிற, நரம்பு செல்லுக்குத் துணையா இருக்க செல்லோட கால்ல அக்வாபோரின்-4னு நீர் போற வாசல் இருக்கு, அது வழியா திசுக்குள்ள பரவி அமைலாய்டு பீட்டா மாதிரி கழிவுப் புரதத்த அடிச்சிட்டு வெளியேறுதுன்னு. அதுக்கு வச்ச பேர் தான் கிளிம்ஃபாட்டிக் சிஸ்டம். 2015ல வர்ஜீனியாலயும் ஹெல்சின்கிலயும் தனித்தனியா ரெண்டு குழு, மூளைய மூடியிருக்க சவ்வுல நிணநீர்க் குழாய் இருக்குன்னு காட்டுனாங்க, அதாவது கழிவு கடைசில வடியிற இடமும் தெரிஞ்சுது. இந்தத் தண்டுவட நீர் ஒரு நேரத்துல நம்மகிட்ட இருக்கறது 150 மில்லி சுமாருக்குத் தான், ஒரு நாளைக்கு ஊறுறது அரை லிட்டர் கிட்ட, பழசு போய்ப் புதுசு வந்துட்டே இருக்கு.

இத உள்ள தள்ளுற மோட்டார் எதுன்னு கேட்டா முக்கியமா ரத்தக்குழாயோட துடிப்பு தான். 2018ல அதே ரோச்செஸ்டர்ல எலிக்கு ரத்த அழுத்தத்த ஏத்திப் பாத்தப்ப குழாய்ச் சுவரோட அசைவு மாறி நீர் ஓட்டம் குறைஞ்சு போச்சு. எங்க துறை உள்ள வர்ற இடம் இது தான் சார், இதயம் நிதானமா பலமா அடிக்கணும், குழாய் விறைக்காம இருக்கணும், பிரஷர் ஏறக்கூடாது, இது மூணுக்கும் தினசரி ஓட்டம், சைக்கிள், நீச்சல் மாதிரி கைகண்ட வழி வேற இல்ல.

உங்க செய்தில விட்டுப்போன முக்கியமான ஒண்ண சொல்றேன். 2018லயே நெடர்கார்டு குழு இளம் எலிங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, கூண்டுல சக்கரம் வச்சு அஞ்சு வாரம் விட்டாங்க, அதுங்க இஷ்டத்துக்கு தினமும் சராசரியா 6 கிலோமீட்டர் ஓடுச்சு, சும்மா இருந்த எலிங்கள விட இதுங்களுக்கு முழிச்சிருக்கும்போதே மூளைக்குள்ள நீர் அதிகமா இறங்குச்சு. ஆனா ஓடிட்டிருக்க அந்த நேரத்துல பாத்தா நீர் இறங்குறது குறையத்தான் செஞ்சுது! அதாவது ஓடுறப்ப கழுவுறது இல்ல, ஓடிப் பழகுன உடம்புல மத்த நேரத்துல கழுவுறது. மனுஷங்க விஷயத்துலயும் 2025ல சியோல் தேசிய பல்கலைக்கழக ஆளுங்க வெளியிட்டது இதோட ஒத்துப்போகுது, உடற்பயிற்சி பழக்கம் இல்லாதவங்கள 12 வாரம் சைக்கிள் மிதிக்க வச்சு எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க, ஒரே ஒரு தடவை மிதிச்சதுல பெருசா மாற்றம் இல்ல, 12 வாரம் முடிஞ்சப்ப நீர் உள்ள போறதும் சவ்வுல இருக்க நிணநீர்க் குழாய் ஓட்டமும் கூடியிருந்துச்சு. நீங்க போட்டது "ஒரு மணி நேரம் ஓடினால் மூளை சுத்தம்"ங்கிற மாதிரி இருந்துச்சு, பசங்க அத அப்படியே நம்பி ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தின வாரம் மட்டும் கிரவுண்டுக்கு வந்துட்டுப் போயிடுவாங்க, அதனால தான் இத அழுத்திச் சொல்றேன், இது மாசக்கணக்குல பழகுற விஷயம்.

இளைஞர்கள வச்சு வர்ற நிறைய ஆய்வுல ஏ.எல்.பி.எஸ். இண்டெக்ஸ்னு ஒரு அளவு சொல்லுவாங்க, 2017ல ஜப்பான் நகோயாவுல டாவோகா குழு கொண்டு வந்தது, ஊசி போடாம சாதா எம்.ஆர்.ஐ.லயே மூளைல ஒரு சின்ன இடத்துல நீர் எந்தத் திசைல நகருதுன்னு வச்சு கணக்கு போடுறது. இது மறைமுகமான அளவு தான், அந்த நம்பர் கூடுச்சுன்னா கழிவு அவ்வளவு வெளியேறிடுச்சுன்னு சொல்லிட முடியாது, செய்தி போடுறப்ப தயவுசெஞ்சு இத ஒரு வரில சொல்லிடுங்க.

தூக்கத்த விட்டுட்டு இத பேசவே முடியாது. 2013ல எலில பாத்ததுல தூங்குறப்ப செல்லுக்கு இடைல இருக்க இடம் 60 சதவீதம் விரியுது, கழிவும் வேகமா போகுதுன்னு வந்துச்சு, 2024ல லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆளுங்க இல்ல, தூக்கத்துல குறையத்தான் செய்யுதுன்னு மறுத்து எழுதுனாங்க, அந்த வாதம் இன்னும் ஓடிட்டு தான் இருக்கு. ஆனா அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல 20 பேர ஒரே ஒரு ராத்திரி தூங்க விடாம ஸ்கேன் பண்ணப்ப மூளைல அமைலாய்டு பீட்டா கூடியிருந்ததா 2018ல வெளியிட்டாங்க. எங்க ஹாஸ்டல் பசங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன பாத்துட்டு காலைல சாப்பிடாம கிளாஸ்ல வந்து உக்காந்து கண்ண தேய்க்கிறாங்க, எனக்கு வயிறு பத்திக்கிட்டு வருது. சாயந்திரம் கிரவுண்டுல வேர்க்க விளையாடிட்டுப் போற பையன் பதினோரு மணிக்கு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுறான், இத நான் வருஷக்கணக்கா கண்ணால பாக்குறேன்.

ஆனா விளையாட நேரம் எங்க இருக்கு சொல்லுங்க. காலைல ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சு சாயந்திரம் நாலரை வரைக்கும் கிளாஸ், அப்புறம் பிளேஸ்மென்ட் டிரெய்னிங், அப்புறம் ரெக்கார்ட் எழுதணும், ஆறு மணிக்கு கிரவுண்டு கேட்ட பூட்டிடுறாங்க. பொண்ணுங்க நிலைம இன்னும் மோசம், அஞ்சரைக்கே ஹாஸ்டலுக்குள்ள போயிடணும்னு விதி வச்சிருக்க காலேஜ் எனக்குத் தெரிஞ்சு நிறைய, அவங்க எப்ப ஓடுவாங்க? 2024ல லான்செட் குளோபல் ஹெல்த்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த கணக்குப்படி 2022ல இந்தியாவுல வயசு வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு போதிய உடல் உழைப்பு இல்ல, அதுலயும் ஆம்பளைங்கள விட பொம்பளைங்க தான் அதிகம். வீட்டுலயும் ஹாஸ்டல்லயும் அவங்கள உள்ளயே வச்சுப் பூட்டிட்டு அப்புறம் சோம்பேறித்தனம்னு சொல்றது அநியாயம்.

உலக சுகாதார நிறுவனம் கேக்குறது வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, அதாவது குறைஞ்சது வாரத்துல அஞ்சு நாள், நாளுக்கு அரை மணி நேரம். டைம்டேபிள்ல ஒரு பீரியட் கூட முழுசா வேணாம். நம்ம அரசாங்கம் 2023ல நடப்போம் நலம் பெறுவோம்னு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை திறந்தாங்க, நல்ல காரியம், அதே அக்கறைய காலேஜ் பக்கமும் திருப்புனா என்ன?

ஆசிரியர்கிட்ட ரெண்டு வேண்டுகோள். அடுத்த தடவ இந்த விஷயத்த போடுறப்ப ஒரு நரம்பியல் டாக்டரையும் ஒரு உடற்கல்வி ஆசிரியரையும் சேத்து உக்கார வச்சுப் பேசி முழுப் பக்கமா போடுங்க, காலேஜ் பசங்க படத்தோட. இன்னொண்ணு, உங்க மாவட்ட நிருபர்கள விட்டு ஒவ்வொரு ஊர்லயும் எந்தக் காலேஜ் கிரவுண்டு எத்தன மணிக்குப் பூட்டுறாங்க, பொண்ணுங்களுக்கு சாயந்திரம் எத்தன மணி வரைக்கும் அனுமதி இருக்குன்னு விசாரிச்சு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன், ஒரு உடற்கல்வி இயக்குநர்,
திருச்சி மாவட்டம்